ஆய்விதழில் வந்ததெல்லாம் ஆராயப்பட்டதா?

கைபேசியில் வந்த ஆய்வுக் கட்டுரை ஒன்றைக் காட்டி, "மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று எம்மிடம் கேட்போர் கீழ்பென்னாத்தூரிலும் உளர். கேட்பது நன்று, கேளாமலே நிறுத்திவிடுவதுதான் எமக்கு அச்சம் தருகிறது. அக்கட்டுரையை வெளியிடுமுன் எவரேனும் சரிபார்த்தனரா என்பதே முதலில் அறிய வேண்டியது.

நெறியுள்ள ஆய்விதழ், தனக்கு வந்த கட்டுரையை அதே துறையில் தேர்ந்த, அவ்வாய்வில் பங்கில்லாத அறிஞர் சிலருக்கு அனுப்பும். அவர்கள் குறை சுட்டுவர், எழுதியவர் திருத்துவார், தேறாதது திருப்பப்படும். இதுவே சக மதிப்பாய்வு.

எல்லா இதழ்களும் இதைச் செய்வதில்லை. 2013இல் 'சயின்ஸ்' இதழுக்காக ஜான் பொஹானன் ஒரு பொய்க் கட்டுரை புனைந்தார். பாசியினத்திலிருந்து (நம் சமையலறைக் கல்பாசியும் அவ்வினமே) எடுத்த பொருள் புற்றுநோயைத் தடுக்கும் என்பது அதன் கூற்று. துறையறிந்தவர் எளிதில் காணத்தக்க பிழைகளை வேண்டுமென்றே அதில் வைத்தார். கட்டணம் பெற்று வெளியிடும் 304 இதழ்களுக்கு அது சென்றது. 98 இதழ்கள் மறுத்தன. 157 இதழ்கள் ஏற்றன! கட்டுரை அனுப்பப்பட்ட இதழ்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தியாவைச் சேர்ந்தவை. ஐதராபாத்தின் 'ஓமிக்ஸ்' பதிப்பகம் மதிப்பாய்வு குறித்துப் பொய்யுரைத்தது முதலியவற்றுக்காக, 2019இல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்துமாறு அதற்கு ஆணையிட்டது.

கட்டுரையின் முதற்பக்கத்தில் பெறப்பட்ட நாளும் ஏற்கப்பட்ட நாளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இடையே இரண்டொரு நாளே எனில் ஐயுறுக. இதழின் தளத்தில் மதிப்பாய்வு முறை விளக்கப்பட்டிருக்கும். ஐ.எஸ்.எஸ்.என். எண் வெறும் அடையாள எண், தரச்சான்று அன்று. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் தேர்ந்தெடுக்கும் 'மெட்லைன்' பட்டியலில் இதழ் இருப்பின் ஓரளவு நம்பலாம். 'மெட்ஆர்க்சிவ்' போன்ற தளங்களில் உள்ளவை மதிப்பாய்வுக்கு முந்தைய வரைவுகள். அதை அத்தளமே குறிப்பிடுகிறது. நல்ல இதழிலும் தலையங்கமும் கடிதங்களும் பொதுவாக இம்முறைக்கு உட்படுவதில்லை.

மதிப்பாய்வும் தவறக் கூடியதே. 2020 மே 22இல் 'லான்செட்' வெளியிட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின் கட்டுரை, தரவுகளை உறுதிசெய்ய இயலாமையால் ஜூன் 4இல் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே கட்டுரையின் தலைப்பருகே அத்தகைய அறிவிப்பு உளதா என்பதையும் நோக்குக.

இவற்றில் எதுவும் விளங்கவில்லையெனில், அடுத்த வருகையின்போது கட்டுரையைக் கொண்டு வாருங்கள், உடனிருந்து படிப்போம். அதுவரை மாத்திரை தொடரட்டும்.