தீவகப் பிள்ளைக்கு ஒரு நூல்



நுகேகொடையில் வசிக்கும் ஒரு மாணவனுக்குத் திடீரென ஒரு நூல் தேவைப்படுகிறது. அவன் என்ன செய்வான்? பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போனால் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் உண்டு. விகாரமகாதேவிப் பூங்காவின் அருகே கொழும்புப் பொது நூலகம் உண்டு. கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கும் இவை எட்டாத இடங்கள் அல்ல. மாலைக்குள் போய்த் திரும்பிவிடலாம்.

இப்பொழுது நெடுந்தீவில் வசிக்கும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். அவள் முதலில் படகேறிக் குறிகட்டுவான் துறைக்கு வரவேண்டும். கடற்பயணம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை வழியாகப் பண்ணைத் தாம்போதியைக் கடந்து யாழ். நகரை அடைய வேண்டும். திரும்பும் படகையும் தவறவிடக் கூடாது. அனலைதீவு, எழுவைதீவுப் பிள்ளைகளுக்கும் படகே வழி. ஒரு நூலைப் பார்க்க ஒரு நாள் முழுவதும் போய்விடுகிறது. பெற்றோரின் ஒரு நாள் உழைப்பும் கூடவே போகிறது.

இந்தப் பிள்ளைகளுக்கு உதவ விரும்பும் நல்ல உள்ளங்கள் கொழும்பில் பல உண்டு. ஆனால் உதவ விரும்புவது வேறு. உதவத் தெரிந்திருப்பது வேறு. இவ்வாரம் அதைப் பற்றிச் சிறிது படிப்போம்.

அரசு தருவதும் தராததும்

நம் நாட்டில் 1945 முதல் கல்வி இலவசம். 1980 முதல் பாடநூல்கள் இலவசமாக வழங்கப்பட்டன. 1993 இல் சீருடைத் துணியும் சேர்ந்தது. இவை பெரும் நன்மைகள். ஆகவே, பாடநூலையே மீண்டும் வாங்கி அனுப்புவது பெரும்பாலும் வீண் செலவு.

அப்படியானால் குறைவது எது? பாடநூலுக்கு அப்பாலுள்ள நூல். நல்ல அகராதி, தேசப்படம், விஞ்ஞான விளக்க நூல், கடந்தகால வினாத்தாள்கள், சிறுவர் கதைகள் ஆகியன. படகுச் செலவு, உயர்தரம் படிக்க நகரில் தங்கும் செலவு ஆகியவையும் குடும்பத்தின் தோளிலேயே விழுகின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட அடிப்படையும் பார்க்கப்படுகிறது. தீவக மாணவியும், வீட்டுக்கு அருகே பல ரியூசன் வகுப்புகள் உள்ள யாழ். நகர மாணவியும் ஒரே மாவட்டக் கணக்கில்தான் சேர்கின்றனர்.

வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும் நாள்களில் படகு ஓடாது. வெளியூரிலிருந்து வரும் ஆசிரியர் அன்று வரமாட்டார். அந்நாளில் பிள்ளைக்கு ஆசிரியராக இருக்கக் கூடியது நூல் ஒன்றே. அதுவும் இல்லையேல், வசதியுள்ள பெற்றோர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நகருக்குக் குடிபெயர்கிறார்கள். மாணவர் தொகை குறைந்தால் ஆசிரியர் தொகை குறையும். ஈற்றில் பாடசாலையே மூடப்படும் நிலை வரும். பாடசாலை இல்லாத ஊரில் இளங்குடும்பம் எதுவும் தங்காது. போர்க் காலத்து இடப்பெயர்வுகளால் ஏற்கெனவே மெலிந்துபோன தீவுகள் இவை. ஆகவே நாம் பேசுவது ஓர் அலுமாரியைப் பற்றி மட்டுமல்ல, ஊரின் உயிரைப் பற்றியுமே.

நூல் கொடுக்கும் முறை

நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி இரங்கநாதன் 1931 இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். யாழ். பொது நூலகம் உருவானபோது ஆலோசனை வழங்கியவரும் அவரே. அவர் கருத்தின் சாரம் இதுதான்: நூல் பூட்டி வைப்பதற்கன்று, வாசிப்பதற்கே, வாசகனுக்கு வேண்டிய நூல் கிடைக்க வேண்டும், நூலுக்கும் அதற்குரிய வாசகன் கிடைக்க வேண்டும்.

இந்த அளவுகோலால் நம் தருமத்தை அளந்து பார்ப்போம். வீட்டில் இடமில்லை என்று ஒதுக்கிய பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளும், பாடத்திட்டம் மாறியதால் பயனற்றுப்போன வழிகாட்டி நூல்களும் பெட்டியில் ஏறுகின்றன. பெட்டி நானூறு கிலோமீற்றர் கடந்து, கடலும் கடந்து போய்ச் சேர்கிறது. அங்கே யாருக்கும் அது உதவாது. வேண்டாம் என்று சொல்ல அதிபருக்கும் மனம் வராது. நாம் கொடுத்தது நூலையா, குப்பையையா?

எனவே முதலில் அதிபருக்கோ நூலகப் பொறுப்பாசிரியருக்கோ எழுதிக் கேளுங்கள். எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எந்த நூல் தேவை என்று அறிந்த பின் வாங்குங்கள். நூறு பழைய நூல்களிலும் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் பத்துப் புதிய நூல்கள் மேலானவை. உப்புக் காற்றும் ஈரமும் தாளை விரைவில் கெடுக்கும். ஆகையால் நல்ல மட்டை கட்டி அனுப்புங்கள். ஒருமுறை அனுப்பியதோடு நின்றுவிடாமல் ஆண்டுதோறும் அனுப்புங்கள். வளராத நூலகம் நூலகமன்று.

2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. மேல்வகுப்பு மாணவருக்கு அதன் பயன்பாட்டைக் கற்றுக்கொடுப்பதும் ஓர் உதவியே. எனினும் ஏழு வயதுப் பிள்ளைக்குக் கையில் புரட்டும் படக்கதைதான் வாசிப்பின் வாசல்.

மாணவருக்கு உதவும் முறை

1833 இல் பரிஸ் நகரில் ஓசானாம் என்னும் இருபது வயது மாணவர் தம் தோழர்களோடு ஏழைகளுக்கு உதவத் தொடங்கினார். அதுவே நம் பங்குகளில் நாம் அறிந்த வின்சென்ட் தே பவுல் சபை. அவர்கள் ஏழைகளைத் தம்மிடம் வரவழைக்கவில்லை. ஏழையின் வீட்டுக்குத் தாமே போனார்கள். கொடுப்பவன் போய்ப் பார்த்தால்தான் தேவை எதுவென்று தெரியும்.

ஒரு மாணவிக்கு உயர்தரத்தில் உதவ முன்வந்தால், இரண்டு ஆண்டும் உதவுங்கள். பாதியில் நின்றுபோகும் உதவி, நடுக்கடலில் நின்றுபோகும் படகுக்குச் சமம். பணம் கொடுக்கும்போது பிள்ளையை மேடையேற்றிப் படம் பிடித்து ஊரெல்லாம் பரப்புவதைத் தவிருங்கள். வலது கை கொடுப்பதை இடது கை அறியவேண்டாம் என்ற போதனை, வாங்கும் பிள்ளையின் மானத்தையும் காக்கிறது.

சிறு தொடக்கம்

யாழ். பொது நூலகம் எப்படித் தொடங்கியது தெரியுமா? 1933 இல் கே. எம். செல்லப்பா என்பவர் தம் வீட்டிலிருந்தே பிறருக்கு நூல்களை இரவல் கொடுத்தார். அடுத்த ஆண்டு 844 நூல்களோடு அது நூலகமாயிற்று. புனித பத்திரிசியார் கல்லூரி அதிபர் லோங் அடிகளார் போன்றோர் பின்னர் அதன் வளர்ச்சிக்கு உழைத்தனர். 1981 இல் அது எரிக்கப்பட்டபோது அங்கே ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. எரிந்த பின்னரும் அது மீண்டும் எழுந்தது.

தீவக மண்ணின் விளைச்சலையும் நினைவிற் கொள்ளுங்கள். உலகத் தமிழாராய்ச்சியை ஒன்றுகூட்டிய தனிநாயகம் அடிகளார், 1913 இல் ஊர்காவற்றுறைக் கரம்பனில் பிறந்து, ஊர்காவற்றுறைப் பாடசாலையிலேயே தம் படிப்பைத் தொடங்கியவர். அத்தகைய ஒரு பிள்ளை இன்றும் எங்கோ ஒரு தீவின் வகுப்பறையில் அமர்ந்திருக்கக் கூடும். அப்பிள்ளைக்கு வேண்டிய நூல் இவ்வாண்டு அங்கே போய்ச் சேருமா என்பது ஓரளவு நம் கையிலும் இருக்கிறது.

சிந்தனைக்கு:

1. நான் கடைசியாகக் கொடுத்த நூலை என் சொந்தப் பிள்ளைக்குக் கொடுத்திருப்பேனா?

2. நான் உதவும் பாடசாலையின் தேவையை யாரிடம் கேட்டறிந்தேன்?

3. அடுத்த ஆண்டும் இவ்வுதவியைத் தொடர என் குடும்பம் எதைக் குறைத்துக்கொள்ளலாம்?