சாவிக் கொத்தைக் கொடுக்காதீர்கள், ஒரு சாவியைக் கொடுங்கள்!
லினக்ஸில் 'சுடூ' அனுமதியை அளந்து கொடுப்பது எப்படி?

எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் சதுரங்கப்பட்டினத்தில் சிறிய ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஒரே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். கம்ப்யூட்டரில் லினக்ஸ். உதவிக்கு ஒரு பையன். பிரிண்டர் அடிக்கடி மக்கர் செய்யும். ஒவ்வொரு முறையும் முதலாளியைக் கூப்பிட முடியாது என்பதால், தன்னுடைய பாஸ்வேர்டையே பையனிடம் சொல்லி வைத்திருந்தார்.

கல்லூரி விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள். கடையில் கூட்டம். பிரிண்டர் நின்றுவிட்டது. பையன் இணையத்தில் தேடினான். "இந்த ஒரு வரியை அடித்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று எங்கோ போட்டிருந்தார்கள். அப்படியே அடித்துவிட்டான். பிரிண்டர் சரியாகவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் அதுவும் ஒழுங்காக எழுந்திருக்கவில்லை. வந்திருந்த மாணவ மாணவிகள் கல்பாக்கத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் பஸ் ஏறினார்கள்.

"அண்ணே, நான் தப்பா எதுவும் பண்ணலண்ணே. பாஸ்வேர்டு கேட்டுச்சு, நீங்க சொன்னதைத்தான் போட்டேன்" என்றான் பையன். அவன் சொன்னது உண்மைதான். தவறு அவன் மீது இல்லை. பிரிண்டரைத் தட்டி எழுப்ப ஒரு சாவி போதும் என்ற இடத்தில், வீட்டின் மொத்தச் சாவிக் கொத்தையும் கொடுத்ததுதான் தவறு.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பெரும்பாலும் இதே தவறைத்தான் செய்கிறோம். அதைத் தவிர்க்கும் வழியை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

ரூட் என்பவர் யார்?

லினக்ஸில் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி அறை உண்டு. உங்கள் ஃபைல்களை நீங்கள் மாற்றலாம், அழிக்கலாம். ஆனால் சிஸ்டத்தின் ஃபைல்களைத் தொட முடியாது. தொடக்கூடியவர் ஒருவர்தான். அவர் பெயர் 'ரூட்'. அவருக்குத் தடையே கிடையாது. முழு ஹார்டு டிஸ்க்கையும் அழிக்கச் சொன்னாலும் அழித்துவிடுவார்.

மென்பொருள் நிறுவுவது, பிரிண்டர் சேவையை மறுபடி தொடங்குவது போன்ற வேலைகளுக்கு ரூட்டின் அதிகாரம் தேவை. அதற்காக எப்போதும் ரூட்டாகவே உட்கார்ந்திருப்பது ஆபத்து. ஒரு கட்டளைக்கு மட்டும் அந்த அதிகாரத்தைக் கடன் வாங்கித் தருவதுதான் 'சுடூ'. ஆங்கிலத்தில் எஸ், யு, டி, ஓ என்ற நான்கு எழுத்துகள். கவனமில்லாமல் தொட்டால் பெயருக்கேற்றபடி சுடவும் செய்யும்!

1980 வாக்கில் அமெரிக்காவில் பஃபலோ நகரிலுள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாப் காக்ஷால், கிளிஃப் ஸ்பென்சர் ஆகிய இருவர் இதை எழுதினார்கள். பின்னர் டாட் மில்லர் என்பவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதைப் பராமரித்து வந்திருக்கிறார். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் பல மாணவர்களுக்கு விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸும்' கிடைத்தது நினைவிருக்கலாம். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய அந்த பாஸ், டெபியன் குடும்பத்தைச் சேர்ந்தது. உபுண்டுவும் அதே குடும்பம்தான். எனவே கீழே வரும் பாடம் இவை அனைத்துக்கும் பொருந்தும்.

கடையில் நடந்தது என்ன?

பையன் அடித்த வரி, சிஸ்டத்திலுள்ள எல்லா ஃபைல்களுக்கும் '777' என்ற அனுமதியைக் கொடுக்கும் கட்டளை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்று அதற்குப் பொருள். கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் சுடூ போன்ற சில புரோகிராம்கள் மீது 'இதை யார் இயக்கினாலும் ரூட்டாக இயங்கட்டும்' என்ற தனி அடையாளம் இருக்கும். 777 போட்டதும் அந்த அடையாளம் அழிந்துவிடும். அதன் பிறகு தவறைத் திருத்த சுடூவையே பயன்படுத்த முடியாது. சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியது போல!

நல்லவேளை, நண்பரின் சொந்த ஃபைல்கள் அழியவில்லை. பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி அவற்றைக் காப்பி எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் புதிதாக நிறுவினோம். இரண்டு நாள் கடை போயிற்று.

சரியான முறை

கீழே உள்ள கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும். 'ஆல்' என்பதை மட்டும் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும். உதவியாளருக்கு 'கடை' (கே, ஏ, டி, ஏ, ஐ) என்று பயனர் பெயர் வைப்பதாகக் கொள்வோம். இதைச் செய்ய வேண்டியவர் கம்ப்யூட்டரின் உரிமையாளராகிய நீங்கள்.

1. டெர்மினலைத் திறந்து 'சுடூ ஆட்யூசர் கடை' என்று டைப் செய்து எண்டர் தட்டுங்கள். புதிய பாஸ்வேர்டு கேட்கும். உதவியாளரையே அடிக்கச் சொல்லுங்கள். இனி அவருடைய பாஸ்வேர்டு அவருக்கு, உங்களுடையது உங்களுக்கு.

2. 'குரூப்ஸ் கடை' என்று அடித்துப் பாருங்கள். வரும் பட்டியலில் 'சுடூ' என்ற குழுவின் பெயர் இருக்கக் கூடாது. இருந்தால் அவருக்கு எல்லா அதிகாரமும் உண்டு. கீழே எழுதப்போகும் வரிக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். 'சுடூ டெல்யூசர் கடை சுடூ' என்று அடித்து அவரைக் குழுவிலிருந்து நீக்குங்கள்.

3. 'விச் சிஸ்டம்சிடிஎல்' என்று அடியுங்கள். சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் புரோகிராம் எந்த போல்டரில் இருக்கிறது என்று காட்டும். இன்றைய பதிப்புகளில் பெரும்பாலும் '/யுஎஸ்ஆர்/பின்/சிஸ்டம்சிடிஎல்' என்று வரும். இந்த முழு முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. 'சுடூ விசுடூ -எஃப் /இடிசி/சுடூயர்ஸ்.டி/கடை' என்று அடித்து எண்டர் தட்டுங்கள். எழுதுவதற்கு ஒரு வெற்றுப் பக்கம் திறக்கும். ஃபைலின் பெயராகிய 'கடை' என்பதில் புள்ளி வைக்காதீர்கள். புள்ளி இருந்தால் சுடூ அந்த ஃபைலைக் கண்டுகொள்ளாது.

5. அதில் இந்த ஒரே வரியை எழுதுங்கள்:

கடை ஆல்=(ரூட்) /யுஎஸ்ஆர்/பின்/சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் கப்ஸ்

6. கண்ட்ரோல் மற்றும் ஓ, பிறகு எண்டர், பிறகு கண்ட்ரோல் மற்றும் எக்ஸ் தட்டி வெளியே வாருங்கள்.

7. 'சுடூ -எல் -யு கடை' என்று அடியுங்கள். இதில் 'யு' மட்டும் பெரிய எழுத்து. அவருக்கு என்னென்ன அனுமதி உண்டு என்ற பட்டியல் வரும். நாம் எழுதிய ஒரே கட்டளைதான் அதில் இருக்க வேண்டும்.

அந்த வரியை நான்கு துண்டாகப் படியுங்கள். யார்? கடை. எந்தக் கம்ப்யூட்டரில்? ஆல், அதாவது எதிலும். யாருடைய அதிகாரத்தில்? ரூட். எதைச் செய்யலாம்? 'கப்ஸ்' என்ற பிரிண்டர் சேவையை மறுபடி தொடங்கலாம். அவ்வளவுதான். இனி பிரிண்டர் நின்றால் பையன் 'சுடூ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் கப்ஸ்' என்று அடித்துத் தன் பாஸ்வேர்டைக் கொடுத்தால் போதும். வேறு எதை சுடூவுடன் அடித்தாலும் அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டு, முயற்சி நடந்ததையும் சிஸ்டம் பதிந்து வைத்துக்கொள்ளும்.

சாதாரண எடிட்டரில் இந்த ஃபைலைத் திருத்தினால் என்ன என்று கேட்கிறீர்களா? ஒரு இலக்கணப் பிழை இருந்தாலும் சுடூ எல்லோருக்கும் சிக்கல் கொடுக்கலாம். விசுடூ, சேமிப்பதற்கு முன் பிழை இருக்கிறதா என்று சரிபார்க்கும். இருந்தால் 'இப்போது என்ன செய்ய?' என்று கேட்கும். இ என்ற எழுத்தைத் தட்டினால் திருத்தலாம். எக்ஸ் தட்டினால் மாற்றாமல் வெளியேறலாம்.

வழுக்கும் இடங்கள் நான்கு

முதலாவது: கட்டளையின் பெயரோடு நிறுத்திவிடுவது. மேலே உள்ள வரியில் 'ரீஸ்டார்ட் கப்ஸ்' என்பதை விட்டுவிட்டால், சிஸ்டம்சிடிஎல்லை எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று ஆகிவிடும். எந்தச் சேவையையும் நிறுத்தலாம். பின்னால் வரும் சொற்களையும் சேர்த்தே எழுதுங்கள்.

இரண்டாவது: எடிட்டருக்கு அனுமதி கொடுப்பது. 'ஒரு ஃபைலைத் திருத்தத்தானே' என்று வி, விம் போன்ற எடிட்டர்களை சுடூவில் அனுமதிப்பார்கள். அவற்றின் உள்ளிருந்தே வேறு கட்டளைகளை இயக்க முடியும்; அவையும் ரூட்டாகவே இயங்கும். லெஸ் போன்ற படிக்கும் புரோகிராம்களிலும் இந்த வாசல் உண்டு. ஒரு ஃபைலை மட்டும் திருத்த வேண்டுமென்றால் 'சுடூஎடிட்' என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். அதில் எடிட்டர் சாதாரணப் பயனராகவே இயங்கும். முடிந்த பிறகு ஃபைல் மட்டும் இடம் மாறும்.

மூன்றாவது: மென்பொருள் மேம்பாட்டை உதவியாளரிடம் விடுவது. டெபியன் குடும்பத்தில் மேம்பாடு நடக்கும்போது, சில சமயம் 'பழைய அமைப்பு ஃபைலை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா?' என்ற கேள்வி வரும். அந்த விடைகளில் இசட் என்ற எழுத்தும் ஒன்று. அதைத் தட்டினால் ரூட்டின் அதிகாரத்துடன் கட்டளைத் திரை திறந்துவிடும்! எனவே மேம்பாட்டை நீங்களே செய்யுங்கள்.

நான்காவது, மிக முக்கியமானது: 'இது தவிர எல்லாம்' என்று எழுதுவது. சுடூவில் ஆச்சரியக்குறி போட்டு ஒரு கட்டளையை விலக்கலாம். ஆனால் விலக்கிய புரோகிராமை வேறு பெயரில் காப்பி செய்து இயக்கினால் தடை பலிக்காது. தடுக்க வேண்டியவற்றின் பட்டியலுக்கு முடிவே இல்லை. அனுமதிப்பவற்றின் பட்டியல் சிறியது. எப்போதும் சிறிய பட்டியலையே எழுதுங்கள்.

இதற்கு உண்மையான சான்று 2019 அக்டோபரில் கிடைத்தது. 'ரூட் தவிர யாராக வேண்டுமானாலும் இயக்கலாம்' என்று விதி எழுதிய கம்ப்யூட்டர்களில், பயனர் எண்ணாக மைனஸ் 1 என்று கொடுத்தால், கட்டளை அந்த ரூட்டாகவே இயங்கியது! ஆப்பிள் நிறுவனத்தின் ஜோ வென்னிக்ஸ் இந்த ஓட்டையைக் கண்டறிந்தார். 1.8.28 பதிப்பில் அடைத்தார்கள். 'தவிர' என்று எழுதாதவர்களுக்கு இதனால் பாதிப்பே இல்லை.

2021 ஜனவரியில் வெளியான இன்னொரு ஓட்டை இன்னும் பெரியது. குவாலிஸ் நிறுவனம் கண்டறிந்த அது, 2011-லிருந்தே சுடூவுக்குள் இருந்தது. விதியில் அனுமதியே இல்லாத சாதாரணப் பயனரும் அதன் மூலம் ரூட் ஆகிவிடலாம். எனவே விதியைச் சரியாக எழுதினால் மட்டும் போதாது. மேம்பாடுகளைத் தவறாமல் போட வேண்டும்.

அணுமின் நிலையத்துக்கும் இதே பாடம்

2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையக் கம்ப்யூட்டரில் வைரஸ் என்ற செய்தி பரபரப்பானது. கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம்தான் கூடங்குளத்தையும் நடத்துகிறது. தன் கம்ப்யூட்டர் ஒன்றில் தீய மென்பொருள் இருந்தது உண்மை என்று அக்டோபர் 30 அன்று கழகம் அறிவித்தது. அது அலுவலக நிர்வாக வேலைக்காக இணையத்தில் இணைந்திருந்த ஒருவரின் கம்ப்யூட்டர்; முக்கியமான உள் நெட்வொர்க்கிலிருந்து அது பிரித்து வைக்கப்பட்டிருந்தது என்றும் விளக்கியது. அங்கே பிரித்தது நெட்வொர்க்கை. நாம் பிரிப்பது அதிகாரத்தை. கருத்து ஒன்றுதான்: ஓரிடத்தில் தவறு நடந்தால் அது அங்கேயே நிற்க வேண்டும்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு

விண்டோஸில் முதலில் உருவாகும் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு. பிள்ளைகளுக்கும் உதவியாளருக்கும் 'ஸ்டாண்டர்டு யூசர்' என்ற வகையில் தனிக் கணக்கு தொடங்குங்கள். செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று சென்றால் இந்த வசதி இருக்கும். விஸ்டா வந்த 2007-லிருந்து, அதிகாரம் தேவைப்படும்போது திரை மங்கி அனுமதி கேட்கும் பெட்டி வருகிறது. படிக்காமல் 'யெஸ்' தட்டாதீர்கள். 2024-ல் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் சுடூ என்ற பெயரிலேயே ஒரு கட்டளை வந்தது. ஆனால் அது இதே அனுமதியைத்தான் கேட்கும்; நாம் மேலே செய்தது போலக் கட்டளைகளை வடிகட்டாது.

வீட்டுப் பாடம்

இன்றே டெர்மினலில் 'சுடூ -எல்' என்று அடித்துப் பாருங்கள். உங்களுக்குள்ள அனுமதி தெரியும். வீட்டில் மற்றவர்களின் கணக்கிலும் அப்படியே பாருங்கள். 'ஆல்' என்று வந்தால், அவர்களுக்கு அது உண்மையில் தேவைதானா என்று யோசியுங்கள். இன்னொன்று: டெபியன் குடும்பத்தில் ஒருமுறை பாஸ்வேர்டு கொடுத்தால் 15 நிமிடம் வரை சுடூ மறுபடி கேட்காது. டீ குடிக்க எழுந்து போவதற்கு முன் 'சுடூ -கே' என்று அடித்துவிட்டால் அந்த அவகாசம் உடனே முடிந்துவிடும்.

நண்பரின் கடையில் இப்போது பையனுக்கென்று தனிக் கணக்கு. பிரிண்டர் இன்னமும் மக்கர் செய்கிறது. பையனே சரி செய்துகொள்கிறான். "இப்பதாண்ணே பயமில்லாம அடிக்க முடியுது" என்றான் சென்ற முறை போனபோது. அளந்து கொடுத்த அதிகாரம் முதலாளிக்கு மட்டுமல்ல, வேலை செய்பவருக்கும் பாதுகாப்புதான்.