வெயில் ஹார்மோனை அழிக்குமா?

ஆண், பெண் என்ற வேறுபாடில்லாமல் நாம் எல்லோரும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சிறுநீரில் வெளியேற்றுகிறோம். கல்லீரல் அதனோடு சர்க்கரை அமிலத்தையோ சல்பேட்டையோ கோத்து, செயலற்றதாக்கித்தான் அனுப்புகிறது. ஆனால் சாக்கடையில் இருக்கும் ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் அந்தப் பிணைப்பை அறுத்துவிடுகின்றன. ஹார்மோன் மறுபடியும் உயிர் பெறுகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் அடுக்ககங்களிலிருந்து மாமல்லபுரக் கரையோர ரிசார்ட்டுகள் வரை, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் உள்ள இடமெல்லாம் நடப்பது இதுதான். ஒளியைக் கொண்டு இந்த ஹார்மோனை அழிக்கலாம் என்ற செய்தி அடிக்கடி வருகிறது. அதைச் சுற்றி உலவும் நம்பிக்கைகளில் சிலவற்றை நேராகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: தெளிவாக, வாடையில்லாமல் வந்தால் நீர் சுத்தமாகிவிட்டது.

சுத்திகரிப்பு நிலையங்களுக்கு நம் நாட்டில் உள்ள அளவுகோல்கள் பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை), மிதக்கும் திடப்பொருள், மலக்கிருமி போன்றவை. ஈஸ்ட்ரோஜனுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. காற்றூட்டும் தொட்டியில் உள்ள நுண்ணுயிரிகள் எஸ்ட்ராடியால் என்ற ஈஸ்ட்ரோஜனின் பெரும்பகுதியை மாற்றிவிடுவது உண்மைதான். ஆனால் அதில் ஒரு பகுதி எஸ்ட்ரோன் என்ற இன்னொரு ஈஸ்ட்ரோஜனாகத்தான் மாறுகிறது. கடைசியில் இருக்கும் யு.வி. விளக்கு கிருமியைக் கொல்ல வைத்தது. ஹார்மோனைச் சிதைக்க அதைப் போலப் பல மடங்கு ஒளி வேண்டும்.

நம்பிக்கை: எல்லாம் கருத்தடை மாத்திரையால் வந்த வினை.

பெண்கள் மேல் பழி போட வசதியான நம்பிக்கை இது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் மணமான பெண்களில் மாத்திரை பயன்படுத்துவோர் சுமார் 5 விழுக்காடு. பெண் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டோர் சுமார் 38 விழுக்காடு. தமிழ்நாட்டிலும் குடும்பக்கட்டுப்பாடு என்றால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். மாத்திரையில் உள்ள எத்தினில் எஸ்ட்ராடியால் வீரியம் மிக்கது, எளிதில் சிதையாதது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் இயற்கை ஈஸ்ட்ரோஜன் எல்லா வீட்டிலிருந்தும் வருகிறது. கர்ப்பிணிகளின் சிறுநீரில் அது மிக அதிகம். மாட்டுத்தொழுவத்திலிருந்தும் வருகிறது. இவை போதாதென்று, ஹார்மோனைப் போல நடிக்கும் பிஸ்பினால்-ஏ பிளாஸ்டிக்கிலிருந்தும், நோனைல்பினால் சில சலவைப் பொருட்களிலிருந்தும் வந்து சேர்கின்றன.

நம்பிக்கை: இவ்வளவு சிறிய அளவு என்ன செய்துவிடும், கடலில் கரைந்துவிடாதா?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகளில் ஒன்றில், 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகளில் எத்தினில் எஸ்ட்ராடியாலைக் கலந்தார்கள். லிட்டருக்கு 5, 6 நானோகிராம். அதாவது பத்து லட்சம் லிட்டர் நீரில் 5, 6 மில்லிகிராம். ஆண் மீன்கள் முட்டைக்கருவுக்கான புரதத்தை உடம்பில் தயாரிக்கத் தொடங்கின. ஃபாட்ஹெட் மின்னோ என்ற சிறு மீனினம் அந்த ஏரியில் ஏறக்குறைய அற்றுப்போனது. கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளில் இனம் மீண்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வருவதை நிறுத்தினால் பலன் உண்டு.

கரைந்துவிடும் என்ற பேச்சுக்கு வருவோம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்திலிருந்து ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயில் இறங்கும் நீர் தெற்கே வந்து முட்டுக்காட்டில்தான் கடலைச் சேர்கிறது. மழையற்ற மாதங்களில் மணல் மேடிட்டு முகத்துவாரம் தூர்ந்துவிடும். அப்போது கரைப்பதற்குக் கடல் ஏது? அதே முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வு நிலையம் கொடுவாவையும் மடவையையும் குஞ்சு பொரிக்க வைக்கிறது. கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன். அந்த மாற்றத்தை நடத்துவது ஹார்மோன். இப்படிப்பட்ட மீன் வாழும் கழிமுகத்துக்குள் என்ன விடுகிறோம் என்பதில் எனக்குக் கவலை இருக்கிறது.

நம்பிக்கை: நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? பொடியைத் தூவினால் போதும்.

இந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருப்பதால்தான் இது விரைவாகப் பரவுகிறது. 1972இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் ஒளி பட்டால் நீரே பிளவுறும் என்று காட்டினார்கள். வெள்ளைப் பெயின்ட்டில் இருக்கும் அதே பொடிதான்; ஒளியால் வேலை செய்வதால் இதை ஒளிவினையூக்கி என்பார்கள். ஒளி பட்டதும் அது ஹைட்ராக்சில் என்ற மூர்க்கமான துகளை உண்டாக்கும். அது கரிமப் பொருளைக் கண்ட இடத்தில் தாக்கும். 2002, 2003 வாக்கில் அண்ணா பல்கலைக்கழக வேதியியலாளர்கள் இம்முறையில் சூரிய ஒளியைக் கொண்டு துணிச் சாயங்களைச் சிதைத்துக் காட்டினார்கள். அக்குழுவில் இருந்த பெர்னார்ட்ஷா நெப்போலியன் பிறகு காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். நிறுவனத்தில் இத்துறை ஆய்வைத் தொடர்ந்தார். செங்கல்பட்டுக்கு இது அயலூர்ச் சரக்கல்ல.

ஆனால் டைட்டானியம் டை ஆக்சைடுக்குச் சுமார் 387 நானோமீட்டருக்குக் குறைவான புற ஊதாக் கதிர் வேண்டும். வெயிலில் அது நூற்றில் நான்கைந்து பங்குதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே வேலை செய்யும் வினையூக்கியைத் தேடுவது இதனால்தான். அந்தத் தேடலில்தான் சோதனை தவறும் வாய்ப்பும் அதிகம். பலர் மெத்திலீன் நீலச் சாயத்தை வைத்துச் சோதிப்பார்கள், நிறம் போனால் வெற்றி என்பார்கள். சாயம் தானே ஒளியை உறிஞ்சி, தன்னையே சிதைத்துக்கொள்ளக் கூடியது. எஸ்ட்ராடியாலுக்கு நிறமே கிடையாது. அந்த உதவி அதனிடமிருந்து வராது.

அடுத்தது ஒட்டுதல். ஈஸ்ட்ரோஜன் நீரை விரும்பாத பொருள். வினையூக்கிப் பொடியிலும், பிளாஸ்டிக் குழாயிலும், வடிதாளிலும் ஒட்டிக்கொள்ளும். அளக்கும் கருவியில் அது குறைந்தால், சிதைந்ததா ஒட்டியதா என்று எப்படிச் சொல்வது? அதனால் ஒளி படாமல் இருட்டில் கலக்கிப் பார்த்தும், வினையூக்கி இல்லாமல் ஒளியை மட்டும் பாய்ச்சிப் பார்த்தும் ஒப்பிட வேண்டும். இந்த இரண்டும் இல்லாத முடிவை நான் நம்பமாட்டேன். ஆய்வகத்தில் பெரும்பாலும் ஹார்மோனை வாலைவடி நீரில் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் கரைக்கிறார்கள். சாக்கடையில் இருப்பதோ நானோகிராம் கணக்கு. கூடவே அங்கே பைகார்பனேட்டும் கரைந்த கரிமக் கழிவும் ஏராளம். ஹைட்ராக்சில் முதலில் அவற்றோடு மோதியே செலவழிந்துவிடும்.

கலங்கல் நீரில் ஒளி இறங்காது என்பதால், இம்முறைக்கு இடம் சுத்திகரிப்பின் கடைசிக் கட்டத்தில்தான். கழிவுநீர் அதிகம் வருவது எல்லோரும் குளிக்கும் காலை வேளையில். புற ஊதாக் கதிர் உச்சம் தொடுவது நண்பகலில். ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டம் வேறு. எனவே சேமிப்புத் தொட்டியோ விளக்கோ தேவைப்படும். தூவிய பொடியை மீட்க வேண்டும். கண்ணாடி மணியில் பூசினால் மீட்கும் வேலை இல்லை. ஆனால் வேகம் குறையும், நாளடைவில் பாசி படியும்.

நம்பிக்கை: கருவியில் காணவில்லை என்றால் ஒழிந்தது.

மூலப்பொருள் மறைவதும் அதன் வீரியம் மறைவதும் ஒன்றல்ல. இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் மரபணுவை ஈஸ்ட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் போல நடக்கும் எதுவும் நீரில் இருந்தால் கலவை மஞ்சளிலிருந்து சிவப்பாகும். ஒளிவினையூக்கிக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. ஹைட்ராக்சில் முதலில் தாக்குவது ஏற்பியில் பொருந்தும் பினால் வளையத்தையே. அதனால் கரிமம் முழுதும் எரிந்து தீருமுன்பே ஹார்மோன் குணம் போய்விடும். இது எனக்கு உண்மையான நம்பிக்கை தரும் சங்கதி.

நம்பிக்கை: ஆர்ஓ போட்டால் தீர்ந்தது.

ஆர்ஓ சவ்வு ஹார்மோனின் பெரும்பகுதியைத் தடுக்கும், அழிக்காது. தடுத்ததெல்லாம் கழிவாக வெளியேறும் உப்புநீரில் செறிந்து நிற்கும். ரிசார்ட்டோ அடுக்ககமோ அந்த நீரைக் கால்வாயில் விட்டால் பிரச்சினை இடம் மாறியதுதான் மிச்சம். அளவில் குறைவு, செறிவில் அதிகம் என்பதால் ஒளிவினையூக்கியைச் சோதிக்க அந்த உப்புநீரே தகுந்த இடம். பைகார்பனேட்டும் அங்கே அதிகமாக இருப்பதால் சோதனையும் அங்கேதான் கடினம். வாலைவடி நீரில் தேறிய வினையூக்கியை முட்டுக்காட்டுக் கரையோர நிலையமொன்றின் கழிவிலேயே, காலையிலும் மழை நாளிலும், ஈஸ்ட் சோதனையோடு ஓட்டிப் பார்க்கட்டும்.