மண்ணுக்குள் ஒரு கள்ளி

கள்ளி என்றதும் வேலியோரம் முள்ளோடு நிற்கும் சதுரக்கள்ளிதான் நம் நினைவுக்கு வரும். கிழங்காக மண்ணுக்குள் மறைந்திருக்கும் கள்ளியும் நம் நாட்டில் உண்டு. தாவரவியலார் அதை யூபோர்பியா ஃபியூசிபார்மிஸ் என்பார்கள். நூல் நூற்கும் கதிரைப் போல நடுவில் பருத்து முனை கூர்ந்த கிழங்கு என்பதால் அந்தப் பெயர்.

இதற்கு முள் இல்லை. தண்டும் வெளியே தெரியாது. மழை விழுந்தால் நீண்ட இலைகள் தரையோடு வட்டமாக விரியும். வறண்ட காலத்தில் இலை காய்ந்துபோய், வெறும் தரையில் சின்னஞ்சிறு பூக்கள் மட்டும் எட்டிப் பார்க்கும். ஆகவே அங்கே விளையாடும் பிள்ளைக்கோ, கிழங்கு தோண்டுபவருக்கோ இது கள்ளி என்று சட்டெனத் தெரியாது. இலையைக் கிள்ளினாலும் கிழங்கை நறுக்கினாலும் வெள்ளைப் பால் வடியும். அதைப் பார்த்துத்தான் எச்சரிக்கையாக வேண்டும்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறவும், வாத வலிக்கும் இந்தக் கிழங்கைக் கொடுக்கும் வழக்கம் நாட்டு வைத்தியத்தில் உள்ளது. பரம்பரையாக அதைச் செய்பவர்களை நாம் பழிக்கவில்லை. யாரோ கொண்டுவந்த கிழங்கை அளவு தெரியாமல் வீட்டில் அரைத்துக் கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறோம். கள்ளிப்பால் வாயையும் குடலையும் புண்ணாக்கும். வாந்தியும் பேதியும் வரும். மரவள்ளியும் இதே குடும்பம்தானே, அவித்தால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். குடும்பம் ஒன்றானாலும் குணம் வேறு. அவிப்பதை நம்பி இதைத் தின்னக் கூடாது. பால் குறைவு என்று தோன்றினால் குழந்தையை அடிக்கடி மார்பில் போடுங்கள். செவிலியரிடமும் கேளுங்கள்.

பெரிய ஆபத்து கண்ணுக்குத்தான். பால் தெறித்ததும் எரியும். சில மணி நேரத்தில் வலி கூடி, இமை வீங்கி, பார்வை மங்கும். கருவிழியே புண்ணாகலாம். உடனே சுத்தமான தண்ணீரை 15 முதல் 20 நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவுங்கள். கசக்க வேண்டாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விட வேண்டாம் (நம் உம்மாமார்களின் கை முதலில் அவற்றுக்குத்தான் நீளும்). எரிச்சல் தணிந்ததென்று வீட்டில் இருந்துவிடாமல் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். செடியைக் கைபேசியில் படமெடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தோலில் பட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். கழுவும்வரை அந்தக் கை கண்பக்கம் போகக் கூடாது. திருகுகள்ளி, இலைக்கள்ளி, சதுரக்கள்ளி எதன் பால் பட்டாலும் இதையேதான் செய்ய வேண்டும்.