சாலை மதிலும் சூரிய மின்சாரமும்

மேனாடுகளிற் பெருநகரங்களை ஊடறுத்துச் செல்லும் நெடுஞ்சாலைகளின் ஓரத்தே உயர்ந்த மதில்கள் நிற்றலைப் பிரயாணஞ் செய்தோர் கண்டிருப்பர். ஊர்திகளின் இரைச்சல் அயலிலுள்ள வீடுகளையும் பள்ளிகளையும் சென்றடையாவண்ணம் தடுத்தற்பொருட்டு எழுப்பப்பட்டவை அவை. வீதியோர வகுப்பறையிற் சாளரத்தருகே இருந்து கற்றவர்களுக்கு அத்தகைய மதிலின் அருமையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அம்மதில்களிற் சூரிய மின்பலகைகளைப் பொருத்தி மின்சாரம் பெறுதல் இப்பொழுது புதுமையன்று. அதற்கு எத்தகைய சட்டம் வேண்டும் என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

சுவிற்சர்லாந்திலே கூர் நகருக்கு அண்மையில், ஏ13 நெடுஞ்சாலையோரத்தில், 1989ஆம் ஆண்டிலேயே ஏறத்தாழ 100 கிலோவாற்று வலுவுள்ள பலகைகள் அமைக்கப்பட்டன. அந்நாட்டிற் குடியேறிய நம்மவருட் சிலர் அவற்றை இன்னவையென்று அறியாமலே கடந்து சென்றிருத்தல் கூடும். நெதர்லாந்தில் ஊடன் என்னும் ஊரருகே 2018ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட மதில் 400 மீற்றர் நீளமும் 5 மீற்றர் உயரமும் உடையது. அதிற் பதித்த பலகைகள் இருபுறத்தும் ஒளியை ஏற்பவை. வீதி வடக்குத் தெற்காகச் செல்லின், மதிலின் ஒரு முகம் காலை வெயிலையும் மறுமுகம் மாலை வெயிலையும் பெறும்.

பௌதிகம் கற்கும் மாணவர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். நல்ல இரைச்சல் மதில் ஒலியை உறிஞ்ச வேண்டும். கண்ணாடியோ ஒலியைத் தெறிக்கச் செய்யும். வீதியை நோக்கிய முகம் முழுவதையும் பலகையால் மூடினால், இப்பக்கத்தார் தப்பிய இரைச்சல் அப்பக்கத்தாரைச் சென்று தாக்கும். ஆதலின் பலகைகளை மதிலின் உச்சியிலோ புறமுகத்திலோ வைத்தல், அன்றிச் சாய்த்து வைத்தல் வழக்கம்.

இஃது எளிதிற் கடக்கக்கூடிய தடை. கடத்தற்கரியது சட்டத்தடையே. மதில் அரசாங்கத்தின் வீதித் திணைக்களத்துக்கு உரியது; பலகையை வாங்கிப் பொருத்துபவர் பிறிதொருவர்; மின்சாரத்தைக் கொள்பவர் மூன்றாமவர். பாரவூர்தி ஒன்று மோதிப் பலகை நொறுங்கினால் நட்டம் யாருடையது? வீதியை அகலிக்க மதிலை இடிக்க நேரின் பலகைக்காரருக்கு ஈடு உண்டா? போக்குவரத்தை மட்டும் கருதி எழுதப்பட்ட பழைய வீதிச் சட்டங்களில் இவற்றுக்கு விடை காண்டல் அரிது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிற்கூட, நெடுஞ்சாலைக்கென ஒதுக்கிய நிலத்தை மாநிலங்கள் இத்தகைய மின்னாக்கத்துக்குப் பயன்படுத்தலாமென மத்திய நெடுஞ்சாலை நிருவாகம் 2021ஆம் ஆண்டு ஏப்பிரலில் வழிகாட்டுதல் வெளியிட வேண்டியதாயிற்று.

ஜேர்மனியர் செய்தது நம் மதிப்பிற் சிறந்தது. புதுப்பிக்கத்தக்க சக்தி பற்றிய தம் சட்டத்தை 2004ஆம் ஆண்டு திருத்தியபோது, கட்டடத்தின்மீது அமைத்த பலகைக்கு உயர்ந்த விலை விதித்த பிரிவிலே, கட்டடத்தை அடுத்து ‘இரைச்சல் தடுப்பு மதில்’ என்பதையும் சேர்த்துவிட்டனர். வெறுநிலத்தில் நிறுத்திய பலகையின் மின்சாரத்துக்கு அலகொன்றுக்கு 45.7 யூரோ சதம். கட்டடத்திலோ மதிலிலோ அமைத்ததற்கு, 30 கிலோவாற்று வரையில், 57.4 சதம். அவ்விலைகள் பின்னர் மிகத் தாழ்ந்துவிட்டன. ஆயினும் மதிலைக் கட்டடத்தோடு ஒருங்கு வைத்த அவ்வகுப்பு இன்றும் நிலைத்திருக்கின்றது. ஏற்கெனவே கட்டியதன்மீது பலகை ஏறினால் விளைநிலம் தப்பும் என்பதே இதன் பயன்.

ஒருவர் நிலத்தில் மற்றொருவர் பொருள் நிற்றல் நம் நாட்டுக்குப் புதியதா? இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோம ஒல்லாந்தச் சட்டம், நிலத்தோடு இணைந்தது நிலத்துக்குரியவனையே சேரும் என்று பொதுவிதி கூறும். யாழ்ப்பாணத்துத் தேசவழமையோ வேறு நோக்குடையது. 1707ஆம் ஆண்டு கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, 1806ஆம் ஆண்டு ஆங்கிலேயர் சட்டவலு அளித்த அத்தொகுப்பு, பிறன் காணியில் மரம் நட்டவனுக்கும் விளைவிற் பங்கு கொடுக்கின்றது. கன்றை நட்டவனே கொண்டுவந்தானாயிற் பெரும்பங்கு அவனுக்கு; காணிக்காரன் கொடுத்தானாயிற் பெரும்பங்கு காணிக்காரனுக்கு. தென்னங்கன்று நின்ற இடத்தில் மின்பலகையை வைத்துப் பாருங்கள், வழக்கு ஒன்றே. சட்டம் பயிலும் எம் மாணவர் எவரேனும் இதனை ஆழ்ந்து ஆராய்வாராயின் மகிழ்வோம்.

குடாநாட்டில் இன்று இரைச்சல் மதில் எதுவுமில்லை; அதற்காக மதில் கட்டுக என்று நாம் கூறவுமில்லை. ஒன்பதரைப் பாகை அகலக்கோட்டை அண்டி வாழும் நமக்கு உச்சிச் சூரியன் தலைக்கு நேரே நிற்பான்; அப்போது நிமிர்ந்த மதிலில் விழும் வெயில் சிறிதே. நமக்குக் கூரையே தக்கது. ஆனால் அவர்கள் சட்டத்தின் கருத்து நமக்கு மிக வேண்டியது. ஆறில்லாத இக்குடாநாடு கிணற்றையும் செம்மண்ணையும் நம்பி வாழ்வது. சுன்னாகத்து அனல்மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு அயற்கிணறுகளைக் கெடுத்தமை பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு ஏப்பிரலில் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. எண்ணெய்க்கு மாற்றாக வெயிலை நாடுங்கால், புகையிலையும் வெங்காயமும் விளையும் தோட்டத்தைப் பலகைக்குப் பலியிடல் தகுமா?

வீட்டுக்கூரைக்கு வழி ஏற்பட்டுவிட்டது. 2010ஆம் ஆண்டளவில் மிகைமின்னைக் கணக்கிட்டுக் கழிக்கும் முறை வந்தது; 2016இல் ‘சூரிய பல சங்கிராமய’ திட்டம் அதனை விரித்தது. அங்கே கூரைக்காரரும் மின்சாரம் கொள்பவரும் பெரும்பாலும் ஒருவரே. பள்ளிக்கூடம், சந்தை, பேருந்து நிலையம் ஆகியவற்றின் கூரைகளிலேதான் சிக்கல். கட்டடம் ஒரு திணைக்களத்துக்கு, பலகை ஓர் அன்பருக்கோ சங்கத்துக்கோ என்றாகும்போது, இருபதாண்டு உடன்படிக்கை ஒன்று எழுத்தில் வேண்டும். அதிபர் மாறுவார், செயலாளர் மாறுவார். பலகை அங்கேயே கிடக்கும். உவர்க்காற்று ஆணியை அரிக்கும், செம்மண் தூசு கண்ணாடியை மூடும். மின்னின் விலையில் யாருக்கு எத்துணைப் பங்கு என்பதோடு, கூரை ஒழுகினால் ஏணி வைத்து ஏறுபவர் எவர் என்பதும் அவ்வெழுத்தில் இருத்தல் வேண்டும்.