எபிரேயம் எட்டாக்கனியா?

கேள்வி: கல்லூரியில் தொடக்கநிலை எபிரேயம் எடுத்திருக்கிறேன். தமிழ்வழியில் படித்தவன் நான். தாக்குப்பிடிப்பேனா? (வாசகர், ஹெப்பகோடி)

பதில்: தாராளமாக. மொத்தமே 22 எழுத்துகள், வலமிருந்து இடமாக. ஐந்து மட்டும் சொல்லின் கடைசியில் உருமாறும். உங்களைப் படுத்தப்போவது தாலெத்தும் ரேஷும்தான்: ஒன்றின் மேல்மூலை கூர்மை, மற்றதில் வளைவு, அவ்வளவே வித்தியாசம். கட்டம் போட்ட நோட்டில் கையால் எழுதிப் பழகுங்கள். நம் 'ப' இடத்துக்கேற்ப இரண்டு விதமாக ஒலிக்கும். அங்கே பேத், பே என்று தனித்தனி எழுத்து. வாய்விட்டுப் படித்தால்தான் இது நாக்கில் பதியும். உயிர்க்குறிப் புள்ளிகள் இல்லாமல் அச்சாகும் இஸ்ரேலியச் செய்தித்தாள்களை இப்போதைக்குத் தொடாதீர்கள். சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்கள் கொண்ட வேரிலிருந்து கிளைப்பவை. அது பிடிபட்டதும் வேகம் தானாக வரும். உங்களுக்குப் பக்கத்தில் பெங்களூரில் 1910-இல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரி இருக்கிறது; அதன் நூலகத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்டுப் பாருங்கள்.