மாலை கட்டிக் காட்டும் இளம் கலைஞருக்கு

பூக்கட்டிக் காட்டும் நிகழ்ச்சி மேடையில் தொடங்குவதில்லை, பூ மண்டியில் தொடங்குகிறது. புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலத்திலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் மல்லிகை, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி, செண்டிப்பூ, அரளி எல்லாம் காலையிலேயே வயலிலிருந்து கமிஷன் மண்டிக்கு வந்து, எடை போட்டு விலை பேசி, வெளியூர்களுக்குப் போய்விடுகின்றன. இந்த ஊரில் கட்டிக் காட்ட வருபவருக்குப் பூ கிடைப்பது சிரமமில்லை. நேரம்தான் சிரமம்.

விடியற்காலையில் பறிக்கும் மல்லிகை, திரண்டு வெளுத்த மொட்டாக இருக்கும். அன்று மாலையே விரிந்துவிடும். முற்பகல் 11 மணிக்கு மொட்டு மூடியிருப்பதால் விரல் பட்டாலும் கன்றாது. மாலை 6 மணிக்கு அதே பூவின் மணம் கூடத்தை நிறைக்கும், ஆனால் விரல் அழுத்திய இடமெல்லாம் பழுப்பாகும். மன்றங்களும் சங்கங்களும் மாலையில்தான் கூட்டம் வைக்கும். முற்பகலுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. மாற்றாவிட்டால் மல்லிகையை விட்டுவிட்டுக் கனகாம்பரத்தை எடுப்பது நல்லது. அதற்கு மணமும் இல்லை, எடையும் இல்லை. ஆனால் மல்லிகையைப் போல ஒரே நாளில் வாடிவிடாது. நிறமும் கடைசி வரிசைவரை தெரியும். சம்பங்கியும் அரளியும் கட்டுவதைவிட ஊசியில் கோப்பதற்கு ஏற்றவை. அரளி நச்சுச்செடி என்பதைக் குழந்தைகள் இருக்கும் கூட்டத்தில் முதலிலேயே சொல்லி, முடிந்ததும் எல்லோரையும் கை கழுவ வைக்க வேண்டும்.

அடுத்தது நார். காய்ந்த வாழைநார் இழுத்தால் அறுந்துவிடும். ஆகையால் மெல்லியதாகக் கிழித்து, தண்ணீரில் நனைத்து, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். பருத்தி நூல் வசதியானதுதான், ஆனால் அழுத்தி இழுத்தால் மல்லிகைக் காம்பை அறுத்துவிடும். நைலான் நூல் இன்னும் மோசம். புதிதாகக் கற்பவர் கையில் முதலில் நாரைக் கொடுப்பதே சரி. எவ்வளவு இழுக்கலாம் என்பதை அது கற்றுக்கொடுத்துவிடும்.

செய்து காட்டுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது முடிச்சில். இரண்டு மொட்டு ஒரு பக்கம், இரண்டு மொட்டு எதிர்ப்பக்கம். தலைகள் வெளியே, காம்புகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று. நாரைக் காம்புகளின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் ஒரு கண்ணியை வளைத்து, அதைக் காம்புகளின் அடியில் மாட்டி இழுத்தால் கட்டு விழும். சிறுவயது முதல் கட்டிப் பழகிய கை இதைக் கண் இமைக்கும் நேரத்தில் முடித்துவிடுகிறது. அதனால் பார்ப்பவருக்குத் தெரிவது மாலை நீள்வது மட்டுமே, கட்டு எப்படி விழுந்தது என்பது தெரிவதில்லை. கூட்டத்தின் முன் வேகம் காட்டுவது வித்தை காட்டுவதாகிவிடும். முதல் பத்துக் கட்டுகளைத் தடித்த வண்ணக் கயிற்றிலும் நீளக்காம்புப் பூவிலும் மெதுவாகப் போட்டுக் காட்டிவிட்டு, அதன்பின் மல்லிகைக்கு வருவது பயனுள்ள முறை.

உட்காரும் இடமும் இதைப் பொறுத்ததே. ஜப்பானிய இகபானா மேடைகளில் கலைஞர் பூச்சாடியின் பின்னால் நின்று, முன்பக்கம் அவையோருக்குத் தெரியும்படி பூவைச் செருகுவார். சாடி அலங்காரத்துக்கு அது பொருந்தும், ஏனென்றால் அங்கே காட்ட வேண்டியது வடிவம். மாலையில் காட்ட வேண்டியது விரல். எதிரே உட்கார்ந்து பார்ப்பவருக்கு வலக்கை இடக்கையாகத் தெரிந்து, வீட்டுக்குப் போய்க் கட்டும்போது முடிச்சு மாறிப்போகும். பார்வையாளர்கள் கட்டுபவரின் முதுகுப்புறமும் பக்கங்களிலும் அரைவட்டமாக உட்கார வேண்டும். மேடை வேண்டாம், பாய் போதும். கால் கட்டைவிரலில் நாரை மாட்டிக் கட்டும் வழக்கம் உண்டு. ஆனால் சாமிக்குப் போகும் பூவில் கால் படக்கூடாது என்று கருதும் கூட்டத்தில், சுவரில் ஓர் ஆணியோ நாற்காலிக் காலோ அந்த வேலையைச் செய்யும்.

பூக்கடையில் யாரும் சொல்லித்தராத ஒன்றையும் காட்டலாம். ஒரே அளவு மொட்டை நெருக்கிக் கட்டினால் ஒரு முழம் வரும். தள்ளித் தள்ளிக் கட்டினால் அதற்கும் மேல் போகும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், முழக்கணக்கில் வாங்குபவர் காசு கொடுப்பது பூவுக்கா நாருக்கா என்பது அந்த இடத்திலேயே விளங்கிவிடும். வியாபாரிகளுக்கு இது பிடிக்காமல் போகலாம். காட்டுவதில் தப்பில்லை.

கை பழகியபின் பார்த்துவர வேண்டிய வேலைகள் இரண்டு. குமரி மாவட்டத் தோவாளையின் மாணிக்கமாலை, அரளிப்பூவையும் நொச்சி இலையையும் மடித்து அடுக்கிப் பட்டையாகக் கட்டுவது. மடிப்பு ஒரே அளவில் விழுந்தால்தான் கல் பதித்த தோற்றம் கிடைக்கும். மற்றது பக்கத்திலேயே இருக்கிறது. குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலின் பிரம்மாண்டமான குதிரைச் சிலைக்கு மாசிமகத்தன்று நேர்த்திக்கடனாகக் காகிதப்பூ மாலைகள் சாத்தப்படுகின்றன. சிலை முப்பது அடிக்கு மேல் உயரம்; மாலைகளும் அதற்கேற்ற நீளம். அவ்வளவு நீளத்துக்குப் பச்சைப்பூ கட்டினால் தன் கனத்தாலேயே இழுபடும், வெயிலில் சுருங்கும். காகிதப்பூவை மட்டமாக நினைப்பவர் அந்தத் திருவிழாவை ஒருமுறை பார்த்தால் எண்ணம் மாறும்.

சாடி அலங்காரத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 1895-இல் தோன்றிய ஓஹரா இகபானா பள்ளியின் மொரிபானா முறையில் தட்டையான ஏனமும் ஊசிப்பலகையும் போதும். கடைகளில் விற்கும் பச்சை ஸ்பான்ச் கட்டி 1954-இல் வந்தது. உதிர்ந்தால் நுண்பிளாஸ்டிக்காக மண்ணில் தங்கிவிடும். குலை வெட்டிய வாழைமரம் தோட்டத்தில் கிடக்கும் ஊரில் அதை விலை கொடுத்து வாங்குவதற்கு நியாயமே இல்லை. ஒரு வாழைத்துண்டு ஈரத்தையும் தரும், காம்பையும் பிடித்து நிறுத்தும்.

நிகழ்ச்சிக்கு முகூர்த்த நாளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அன்று பூவும் விலையேறியிருக்கும், மண்டியில் பேசவும் ஆள் கிடைக்காது. வரத்து மிகுந்து விலை விழும் நாட்களில் விற்காத பூவைக் கொட்டிவிட்டுப் போகும் விவசாயிகள் இங்கே உண்டு; நறுமணத் தொழிற்சாலை வேண்டும் என்ற கோரிக்கை எழுந்ததும் அதனால்தான். அப்படிப்பட்ட நாளில் நிகழ்ச்சியை வைத்து, வாங்கிய பூவில் பாதியை வந்தவர்களின் கையில் கொடுத்து, ஆளுக்கு ஒரு முழமாவது கட்ட வைத்து அனுப்ப வேண்டும்.